ஹால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறதா?

தேக்கு அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

டிவி, ஷோகேஸ், அலமாரி மூன்றும் ஒரே சுவரில், எதிரே இரண்டு பிரம்பு நாற்காலி மட்டும் என்கிறீர்கள். அடர்நிறமும் உயரமும் கண்ணுக்குக் கனமாகத் தெரியும். பாரத்தை ஒரு பக்கமே ஏற்றிய வள்ளம் மாதிரி.

மாற்றும் முன் வாசலில் நின்று செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். கருமை எங்கே குவிந்திருக்கிறது என்று உடனே தெரியும். அலமாரியை நகர்த்த முடியாதென்றால், நாற்காலிகளுக்கு மேலே சுவரில் பெரிய பனையோலைப் பாய் மாட்டி, பக்கத்தில் உயரமான செடி வையுங்கள். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், கீழக்கரை மாதிரிக் கடலோர ஊரில் கடல் பார்த்த சுவர் என்றால் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். உப்பு ஈரம் அலமாரியின் பின்பலகையைக் கெடுத்துவிடும்.