காகிதம் இருந்த பக்கம்

வணக்கம் அக்கா,

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்தின் காஞ்சனபுரி போயிருந்தோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் பட்ட பாடெல்லாம் சொன்னார். தமிழர் என்ற பேச்சே வரவில்லை. என் அம்மாவின் தாத்தாவை மலாயாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குத்தான் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. "அந்த அங்கிள் பொய் சொன்னாராப்பா?" என்று மகள் கேட்டாள். என்ன சொல்வது?

சிங்கப்பூர், ஈசூன் வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

பொய் சொல்லவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 415 கிலோமீட்டர் பாதை, 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள், அவர்களில் 12,000-க்கும் மேல் சாவு, எல்லாமே உண்மை. ஆனால் அங்கே கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், மலாயாத் தோட்டத் தமிழர் என்று. அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பொய் என்றால் மறுத்துப் பேசலாம். சொல்லாமல் விட்டதை, ஏற்கெனவே தெரிந்தவர் மட்டும்தானே கண்டுபிடிக்க முடியும்? உங்களுக்கு அம்மா சொல்லியிருந்தார், பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வழிகாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைதிகள் ராணுவத்தார். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, கூடவே அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள், ஒளித்து ஒளித்து டைரி எழுதினார்கள், யாரை எங்கே புதைத்தோம் என்று குறித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அவற்றை வைத்துத் தேடித்தான் காஞ்சனபுரியில் நீங்கள் பார்த்த அந்த ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வந்தன. புதைத்த இடமே தெரியாத வீரர்களுக்குக்கூட நம் கிராஞ்சி போர் நினைவிடத்தில் சுவரில் பெயர் இருக்கிறது, 24,000 பேருக்கு மேல். தோட்டத்து ஆளுக்கு? சில மாத வேலை, கூலி உண்டு என்று அழைத்துப் போனார்கள், ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டே போனார்கள். 1943-இல் காலரா பரவியபோது அவர்களுக்குப் போதிய மருத்துவ உதவி கிடைக்கவில்லை, குழியில் போட்டவர்கள் யார் பெயரையும் எழுதி வைக்கவில்லை. அப்புறம் வந்த புத்தகமும் படமும் சுற்றுலாவும் காகிதம் இருந்த பக்கமே போயின.

சரி, நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1943 அக்டோபர் 17 அன்று அந்தத் தண்டவாளத்தின் இரு முனைகளும் இணைந்தன. நான்கே நாளில், அக்டோபர் 21 அன்று, இங்கே கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். இரண்டாவது தேதியை நாம் மேடை மேடையாகக் கொண்டாடுகிறோம். தோட்டத்திலிருந்து போய், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களைப் பற்றிக் கேட்டால் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் ஐஎன்ஏவுக்குத் துணை நின்ற அதே ஜப்பானிய ராணுவம்தான் அதே மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாமுக்கு ரயிலேற்றியது என்று அந்த மேடைகளில் பேசுபவர்கள் அரிது.

காரணம் புரிகிறது. எஸ்பிளனேடில் இருந்த ஐஎன்ஏ நினைவுச்சின்னத்தை 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள், 1995-இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வந்தது. அமுக்கப்பட்ட கதையை அத்தனை வருஷம் காப்பாற்றியவர்களுக்கு அதில் ஒரு சங்கடத்தைச் சேர்க்க மனம் வராதுதான். இருந்தாலும் சேர்க்க வேண்டும். அதனால் ஐஎன்ஏவுக்குப் போனவர்களின் தியாகம் குறைந்துவிடாது, ஆனால் சேர்க்காவிட்டால் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் கதையிலும் இடமில்லை, நம் கதையிலும் இடமில்லை.

மகளிடம், அந்த அங்கிளுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார், மீதியைப் பாட்டியிடம் கேட்போம் என்று சொல்லுங்கள். உண்மையாகவே அம்மாவை உட்காரவைத்துக் கேளுங்கள், தாத்தா பெயர் என்ன, எந்தத் தோட்டம், கூடப் போனவர்கள் யார், செய்தி கொண்டுவந்தது யார் என்று. போனிலேயே பதிவு செய்யலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய நேர்காணல்கள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு, அவற்றையும் மகளோடு சேர்ந்து கேளுங்கள். அம்மா சொல்லும்போது கேட்கப் பிடிக்காத பகுதியும் வரலாம், ஏனென்றால் அன்று ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களில் நம் தோட்டத்துக் கங்காணிகளும் (மேற்பார்வையாளர்கள்) கிராணிகளும் (எழுத்தர்கள்) இருந்தார்கள். அதையும் வெட்டாமல் எழுதி வையுங்கள்.