கடலுக்கடியில கேமரா: வாசகர் கேள்வி பதில்

கே: டைவ் பண்றப்ப கலர் கலரா தெரிஞ்ச மீனெல்லாம் போட்டோல ஒரே நீலமா வருது. கேமராவ மாத்தணுமா?

ப: வேணாம், காசு மிச்சம். தண்ணி முதல்ல முழுங்குறது சிவப்பத்தான், அஞ்சாறு மீட்டர் இறங்குனாலே அது பெரும்பாலும் போயிடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள்னு ஒண்ணொண்ணா போய் கடைசில நீலம்தான் நிக்கும். நம்ம மூளை அத ஓரளவு சரிக்கட்டிக்கும், கேமராவுக்கு அந்த சாமர்த்தியம் பத்தாது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல இருக்குற தண்ணியும் கலர தின்னும்ங்கிறதால ஒரு மீட்டருக்குள்ள போய் வைட் லென்ஸ்ல எடுங்க. ஸ்ட்ரோப்ப, அதாவது கேமராவுக்கு வெளிய தனியா மாட்டுற ஃப்ளாஷ, ரெண்டு பக்கமும் நல்லா தள்ளி வைங்க, லென்ஸ் பக்கத்துலயே ஃப்ளாஷ் அடிச்சா மிதக்குற தூசி பூரா பனி கொட்டுற மாதிரி விழும்.

கே: கிட்ட போனாலே ஓடிடுதே, என்ன பண்றது?

ப: துரத்துனா வால் போட்டோதான் கிடைக்கும். எவ்வளவு கிட்டன்னு முடிவு பண்றது அது, நாம இல்ல. ஆக்டோபஸ்னா பொந்துக்கு கொஞ்சம் தள்ளி, பவளத்துல கால் படாம, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு அசையாம இருங்க, பயம் தெளிஞ்சா அதுவே எட்டிப் பாக்கும். நொடிக்குள்ள கலர் மாத்துற அதோட கண்ணுல ஒளிய உணர்ற செல் ஒரே வகைதான், அதாவது நம்மள மாதிரி அதுக்கு கலர் தெரியாது, ஆனா அச்சு அசலா பாறையாவே மாறிடும்! நீலவளைய ஆக்டோபஸ் மட்டும் வேற கதை. வளையம் பளிச்சுனு மின்னுதுன்னா அது மிரண்டு போய் 'தள்ளிப் போ'ங்குது. அதோட டெட்ரோடோடாக்சின் விஷத்துக்கு முறிவு மருந்து இல்ல. அந்த போட்டோவுக்காகவே அத சீண்டுறவங்கள பாத்தா எனக்கு எரிச்சல்தான் வருது.

கே: பிக்மி கடல்குதிரைக்கு ஃப்ளாஷ் அடிச்சா கண்ணு போயிடுமா?

ப: சின்ன மீன்கள வச்சு சோதிச்சு பாத்ததுல ஃப்ளாஷால கண்ணு கெட்டதா தெரியல, போஸுக்காக குச்சியால நெம்பி திருப்புறதுதான் அதுகள ரொம்ப பாதிக்குது. அதுக்காக படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, சில இடத்துல ஃப்ளாஷுக்கே தடை இருக்கு. ரெண்டரை சென்டிமீட்டர் கூட வராத உயிர் அது, உடம்பு மேல இருக்குற முடிச்சு கூட விசிறிப் பவளத்தோட மொட்டு மாதிரியே இருக்கும். 1969ல நியூ கலிடோனியால ஒருத்தர் பவளத்த வெளிய எடுத்து ஆராயுறப்பத்தான் அதுல இது ஒட்டிட்டு இருந்ததே தெரிஞ்சுது, நீங்க தேடி கண்டுபிடிக்க முடியலன்னா வருத்தப்படாதீங்க.

கே: புதுசா டைவிங் கத்துக்கிறேன், கேமரா எடுத்துட்டு போலாமா?

ப: இப்ப வேணாம். மிதக்குற கன்ட்ரோல் கைக்கு வரட்டும். போகஸ் பண்றேன்னு மூச்ச புடிச்சுக்கிட்டே தெரியாம மேல ஏறிட்டா நுரையீரல் கிழியும், சும்மா பயமுறுத்தல.

கே: எங்கள மாதிரி ஆளுங்க எடுக்குற போட்டோவால ஆராய்ச்சிக்கு ஏதாவது உபயோகம் உண்டா?

ப: நிறைய. ஜப்பானோட அமாமி ஓஷிமா பக்கம் கடல் மணல்ல ரெண்டு மீட்டர் அகல வட்டக் கோலத்த 1995ல டைவர்கள்தான் முதல்ல பாத்தாங்க, பொண்ணு மீன கவர ஒரு சின்ன ஆண் பேத்தை மீன் போடுறதுன்னு தெரிய வருஷக்கணக்கா ஆச்சு, அந்த இனத்துக்கு அறிவியல் பேர் வச்சதே 2014லதான். அப்புறம் திமிங்கலச் சுறா உடம்பு புள்ளி ஒண்ணுக்கொண்ணு வேற, வானத்துல நட்சத்திரக் கூட்டத்த பொருத்திப் பாக்குற கணக்க வச்சே அத அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க. அதுக்கு இடது பக்கம் செவுளுக்குப் பின்னாடி இருக்குற இடம் தெளிவா வேணும், மேன்டா திருக்கைன்னா வயிறு. தேதி, இடம் குறிச்சு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அனுப்புங்க. வலது பக்கம் மட்டும் கிடைச்சாலும் வாங்கிப்பாங்க.