ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கப்புறம் கிறுகிறுப்பு, படபடப்பு, உடம்பெல்லாம் வலி என்று மாதத்தில் மூன்று நான்கு தடவை டாக்டரிடம் போகிறார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்கிறார்கள். கோயிலுக்குக்கூடப் போவதை விட்டுவிட்டார். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. பெங்களூருக்குக் கூட்டி வந்தேன், இரண்டே மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் கேமரா வைத்திருக்கிறேன். இது வியாதியா, தனிமையா? ஹோம் நர்ஸ் வைத்தால் சரியாகுமா?

பதில்: இரண்டுமாக இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பு முடியாமல் போனால் வெளியே போவது குறையும். வெளியே போவது குறைந்தால் உடம்பு இன்னும் படுத்தும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு இருப்பதாகவும் கணக்கிடுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் எல்லாவற்றுக்கும் இது வழிவிடும். அதனால் சர்க்கரை அளவைச் சொல்வதுபோல இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மா தானாகச் சொல்ல மாட்டார், கிறுகிறுப்பை மட்டும்தான் சொல்வார். "அப்பா போன பிறகு வெளியே போவதே இல்லை, முன்போலச் சமைப்பதில்லை" என்று நீங்கள் போன் போட்டாவது டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி டாக்டரிடம் போகிறாரே என்று கோபப்படாதீர்கள். கையைப் பிடித்துப் பார்த்து "ராத்திரி தூங்குனீங்களா?" என்று ஒருவர் கேட்பது அவருக்கு இப்போது அங்கே மட்டும்தான். ஒரே டாக்டரிடம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு நாள் என்று முறை வைத்துப் போகச் செய்யுங்கள். "அடுத்த மாதம் பார்க்கத்தான் போகிறோம்" என்ற தெம்பு வந்தால், நடுவில் பதறி ஓடுவது பெரும்பாலும் குறையும்.

அடுத்து, கோயிலுக்குப் போவதை ஏன் விட்டார் என்று கண்டுபிடியுங்கள். மனசு சரியில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். பல பெண்களுக்கு உண்மைக் காரணம் இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது, அல்லது அவசரமாக வந்தால் அடக்க முடியாமல் போவது. மகனிடம் இதைச் சாகும்வரை சொல்ல மாட்டார்கள். உங்கள் மனைவியோ சித்தியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். பயிற்சியாலும் மருந்தாலும் பெருமளவு குறைக்கலாம். பிரஷருக்குக் கொடுத்த மாத்திரையே சிறுநீரை அதிகம் பிரிய வைப்பதாக இருந்தால், சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காதையும் பாருங்கள். "நல்லா இருக்கேன்" என்று பேச்சை முடித்துவிடுவது நீங்கள் சொல்வது சரியாகக் கேட்காததாலும் இருக்கலாம். நாலு பேர் கூடும் இடத்தில் பேச்சு புரியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை, அதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். சில சமயம் காதில் அழுக்கு அடைத்திருப்பதோடு விஷயம் முடிந்துவிடும். இல்லையென்றால் காது மெஷின் தேவைப்படும். மறதி நோயைத் தள்ளிப்போட நாம் சரிசெய்யக்கூடியவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட 14 காரணங்களில் காது கேளாமையும் உண்டு, சமூகத் தொடர்பற்ற வாழ்க்கையும் உண்டு. கண்புரை, முழங்கால் வலி, ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றையும் ஒரே வரவில் பார்த்துவிடலாம். சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவையும் கேட்டு வாங்குங்கள். அது குறைந்தால் அசதி, கால் மரமரப்பு, ஞாபகத் தடுமாற்றம் எல்லாம் வரும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது பெரும்பாலும் இருக்காது.

மனச்சோர்வு வேறு. வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல் உடம்பு வலியாக வருவது சகஜம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, உடம்பு இளைப்பது, பேரப்பிள்ளையிடம்கூடப் பேச ஆர்வமில்லாமை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் வயசாகிவிட்டது என்று விடக்கூடாது. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நீங்களே அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். நீங்கள் விவசாயக் குடும்பமாக இருந்தால் இன்னொன்று: வீட்டில் மிச்சமிருக்கும் பூச்சி மருந்தை இந்த முறை போகும்போதே அப்புறப்படுத்திவிடுங்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, டெல்டா கிராமத்து வீடுகளில் நான் கட்டாயம் சொல்லும் விஷயம் இது.

இனி நீங்கள் எழுதாத ஒன்று. கணவர் போன பிறகு அம்மாவை எந்த விசேஷத்துக்கு யார் கூப்பிட்டார்கள்? வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்றால் "அவங்க சங்கடப்படுவாங்க" என்று கூப்பிடாமல் விடுவது, கூப்பிட்டாலும் பின்வரிசை, காலையில் யாராவது கிளம்பும்போது எதிரே வந்துவிடக் கூடாதே என்று அவரே ஒதுங்கி நிற்பது. இப்படித்தான் ஒரு பெண் ஊரின் நடுவிலேயே இருந்துகொண்டு தனியாகிறார். இந்தத் தனிமை முதுமையால் வந்ததில்லை, நாம் கொடுத்தது. இதற்கு மாத்திரை கிடையாது, ஹோம் நர்ஸாலும் முடியாது. மகனால் முடியும். உங்கள் வீட்டின் அடுத்த விசேஷத்தில் குத்துவிளக்கை அம்மா ஏற்றட்டும், முதல் ஆசீர்வாதத்தை அவர் செய்யட்டும். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அத்தையிடமும் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே நேராகப் பேசிவிடுங்கள். நீங்கள் உறுதியாக நின்றால் ஊரும் மெல்ல வழிக்கு வரும்.

ஹோம் நர்ஸ் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நடமாடக்கூடியவர் கையிலிருந்து மிச்சமிருக்கும் வேலையையும் பிடுங்கிக்கொள்வதாகிவிடும். அவருக்கு வேண்டியது, "இன்னும் காணோமே" என்று அவரை யாராவது தேடும்படியான ஒரு இடம். ஜிம்பாப்வேயில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயில் 14 பாட்டிமார்களைப் பழக்கினார். ஆரோக்கிய மையத்துக்கு வெளியே பெஞ்சு போட்டு, மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் அவர்கள் பேச வேண்டும், அவ்வளவுதான். அது பலன் தருகிறது என்று 2016இல் முறையான ஆய்விலும் தெரியவந்தது. அங்கே வயதானவர்கள் உதவி கேட்டு நிற்கவில்லை, உதவுகிறவர்களாக உட்கார்ந்தார்கள். உங்கள் பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் மாவட்டங்களில் ஹெல்ப்பேஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் முதியோருக்கென்றே சுய உதவிக் குழுக்களை அமைத்தது. மாதச் சேமிப்பு சின்னத் தொகைதான். ஆனால் கூட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிப்பார்கள்.

அம்மா எதில் கெட்டி? பூக் கட்டுவதா, வடாம் பிழிவதா, பிள்ளைகளுக்குக் கதை சொல்வதா? அதிலிருந்து தொடங்குங்கள். அங்கன்வாடி, கோயில், மகளிர் குழு என ஏதோ ஓரிடத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது அவருக்கென்று ஒரு பொறுப்பு இருக்கட்டும். "சும்மா போய்ட்டு வாங்கம்மா" என்றால் போக மாட்டார், அங்கே இருப்பவர் வந்து "நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று கூப்பிட வேண்டும். அந்த ஏற்பாட்டை நீங்கள் செய்யலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருவார். துணை சுகாதார நிலையத்தில் சொல்லி அம்மா பெயரைப் பதிந்து வையுங்கள். ஆனால் நடக்க முடிகிற வரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே போய் வாங்கட்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, வழியிலும் வரிசையிலும் நாலு பேரைப் பார்ப்பார். கால் முடியாத மாதங்களுக்குத் தன்னார்வலர் இருக்கிறார்.

போன் பேசும்போது "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு நிறுத்தாதீர்கள். வத்தக்குழம்பு பக்குவமோ, பங்காளி வீட்டு உறவுமுறையோ, அவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் வீடியோவில். உதடு தெரிந்தால் காது மந்தமானவர்களுக்குப் பேச்சு புரியும். கேமராவை அவர் விரும்புகிறாரா என்று கேட்டு, வேண்டாம் என்றால் கழற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் உங்கள் நம்பரும் இருப்பது அதைவிட உதவும். பெங்களூர் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், வீட்டை விற்கவும் அவசரப்படாதீர்கள். பென்ஷன், சட்ட உதவி போன்ற விஷயங்களுக்கு முதியோர் உதவி எண் 14567.

அடுத்த முறை சனி, ஞாயிறில் போகாமல் குறைந்தது மூன்று வேலை நாட்கள் கையில் இருக்கும்படி போங்கள். காது, கண், பி12, டாக்டருடன் பேச்சு, சுகாதார நிலையப் பதிவு எல்லாம் அதில் முடியும். இவ்வளவும் செய்து ஆறு வாரத்தில் சாப்பாடும் தூக்கமும் தேறாவிட்டால் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள்.