திருமணப் படங்களோடு செயலிழந்த சேமிப்புக் கருவி: விற்றவரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் ஓர் உதவியாளரோடு சிறிய புகைப்பட ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில், நான்கு ஹார்டு டிஸ்க் பொருத்தக்கூடிய நாஸ் கருவியை (நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) டிஸ்க்குகளோடு சேர்த்து 1,32,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் ஸ்டூடியோ பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு உள்ளது. “திருமணப் படங்களுக்கு இதுதான் சரி. ரெய்டு 5 போட்டுத் தருகிறோம், ஒரு டிஸ்க் போனாலும் படம் போகாது. இனிமேல் தனியாக பேக்கப் தேவையில்லை” என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். (ரெய்டு 5 என்பது தரவைப் பல டிஸ்க்குகளில் பகிர்ந்து வைக்கும் முறை.) சென்ற மாதம் ஒரு டிஸ்க் பழுதானது. புதிய டிஸ்க்கைப் பொருத்தி, போன தரவை அதில் மீட்டெழுதும் ரீபில்டு நடந்துகொண்டிருந்தபோதே இன்னொன்றும் நின்றுவிட்டது. இரண்டு திருமணங்களின் படங்கள் போய்விட்டன. பில்லில் மூன்றாண்டு வாரண்டி என்று இருக்கிறது. ஆனால் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்தால், இந்த டிஸ்க்குகளுக்கு இந்தியாவில் வாரண்டி இல்லை என்று வருகிறது. “டேட்டாவுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்” என்கிறார் கடைக்காரர். இதற்கிடையே மணமகளின் தந்தை ஒருவர் 5 லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களுடைய சிக்கலில் இரண்டு வழக்குகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றில் நீங்கள் நுகர்வோர், மற்றொன்றில் நீங்களே சேவை வழங்கியவர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, “கடைக்காரர் ஏமாற்றினார், அதனால் படங்கள் போயின” என்று மணமகள் வீட்டாருக்குப் பதில் எழுதினால் அது உங்களுக்கு எதிரான ஒப்புதலாக நிற்குமே தவிர, தற்காப்பாக நிற்காது.

முதலில் கடைக்காரருக்கு எதிரான வழக்கு. “வணிக நோக்கத்திற்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல” என்பதுதான் அவர் தரப்பு எழுப்பப்போகும் முதல் ஆட்சேபணை. ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் அதற்கு வசதியாகவும் இருக்கும். ஆயினும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(7), சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் மட்டுமே ஒருவர் நுகர்வோர் என்ற தகுதியை இழந்துவிட மாட்டார் என்று தெளிவுபடுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்த நிறுவனம் தோற்றுப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் தொழில் அளவு அப்படி. நீங்களே படம் எடுத்து, நீங்களே அந்தக் கருவியைக் கையாள்கிறீர்கள் என்பதை, நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதி, வருமான வரிக் கணக்கையும் இணைத்துவிடுங்கள்.

அடுத்து, எதைக் கேட்பது என்ற கேள்வி. பெரும்பாலோர் செய்வதைப் போல “டிஸ்க் பழுதாகிவிட்டது, படங்களுக்கு நஷ்டஈடு வேண்டும்” என்று மட்டும் எழுதினால் வழக்கு நொண்டும். எந்த ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். தயாரிப்பாளர்களின் வாரண்டி விதிகள் பொதுவாக டிஸ்க்கை மாற்றித் தருவதோடு நின்றுகொண்டு, தரவு இழப்பை வெளிப்படையாக விலக்குகின்றன. பழுதான பொருளால் நேரும் தீங்குக்கு ஈடு கேட்க வழிசெய்யும், அதே நுகர்வோர் சட்டத்தின் தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயமும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் பிரிவு 2(22) வணிக, பொருளாதார இழப்பைத் ‘தீங்கு’ என்பதற்குள் சேர்க்கவில்லை. உங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் பிரிவு 2(47), அதாவது நேர்மையற்ற வணிக நடைமுறை. அந்த வாட்ஸ்அப் செய்தியில் “ஒரு டிஸ்க் போனாலும் படம் போகாது” என்பது ரெய்டு 5-ஐப் பொறுத்தவரை உண்மை. “தனியாக பேக்கப் தேவையில்லை” என்பது பொய். தொழில் தெரிந்த எவரும் சொல்லக்கூடாத பொய். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் நின்றாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடே அன்றி, இரண்டாவது பிரதி அல்ல. ரீபில்டின்போது மீதமுள்ள டிஸ்க்குகள் முழுவதுமாகப் படிக்கப்படுகின்றன; ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு ஓடிய டிஸ்க்குகளில் இன்னொன்று அந்தச் சுமையில் நிற்பது அரிதான செய்தியும் அல்ல.

அதைவிடக் கனமான ஆதாரம் வாரண்டி பற்றியது. வேறு நாட்டுச் சந்தைக்கோ கணினித் தயாரிப்பாளர்களுக்கோ மொத்தமாகப் போன டிஸ்க்குகளைக் குறைந்த விலையில் வாங்கி, இந்திய வாரண்டி உள்ளவை போல விற்பது நம் சந்தையில் நடப்பதுதான். இல்லாத வாரண்டியை இருப்பதாகப் பில்லிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நான்கு வரிசை எண்களுக்கும் இணையதளம் காட்டும் பக்கத்தைத் தேதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள்.

படங்களின் இழப்பை இந்தக் கோரிக்கையில் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும், ஆனால் அளவோடு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 73-இன்படி, ஒப்பந்தம் மீறப்பட்டால் நேரக்கூடும் என்று இரு தரப்பும் அப்போதே அறிந்திருந்த இழப்புக்கு ஈடு கேட்கலாம். திருமணப் படங்களுக்குத்தான் என்பது கடைக்காரருக்குத் தெரியும் என்று அவருடைய செய்தியே சொல்கிறது. மணமகள் வீட்டாருக்கு நீங்கள் உண்மையில் கொடுக்க நேரும் தொகையை ரசீதோடு காட்டினால் அதில் ஒரு பகுதியேனும் கிடைக்க வாய்ப்புண்டு. முழுவதும் கிடைக்கும் என்று என்னால் சொல்ல இயலாது, ஏனெனில் படத்தொழிலில் இருப்பவர் இரண்டாம் பிரதி வைக்காதது உங்கள் பங்கிலான கவனக்குறைவு என்று ஆணையம் கருத இடமிருக்கிறது. பொறுப்பை விலக்கும் வாரண்டி விதியை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தாக்க வேண்டாம்; அத்தகைய புகாரை மாநில ஆணையமும் தேசிய ஆணையமுமே விசாரிக்க முடியும்.

புகாரைத் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பில்லின் அடியில் ‘சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில் புகாரளிக்கும் உரிமையை நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34 தருகிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. காலவரையறை இரண்டு ஆண்டுகள். டிஸ்க் நின்ற நாளிலிருந்து கணக்கிட வாதம் உண்டு என்றாலும், பில் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பானது.

இப்போதைக்கு ஆதாரத்தைக் காப்பதுதான் அவசரம். கருவியை அணைத்துவிடுங்கள். திரையில் ‘இனிஷியலைஸ்’ (டிஸ்க்கைப் புதிதாக அமைப்பது) என்று கேட்டால் அழுத்தவே வேண்டாம். எந்தக் குழியில் எந்த டிஸ்க் இருந்தது என்று ஒட்டிவைத்துக்கொண்டு, கருவியின் நிகழ்வுப் பதிவை ஏற்கெனவே எடுத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். தரவு மீட்பு நிறுவனத்திடம் அனுப்புவதாக இருந்தால், அதற்கு முன்பே கடைக்காரருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, விரும்பினால் அவரும் பரிசோதிக்கலாம் என்று எழுதுங்கள். இல்லையேல் டிஸ்க்கைத் திறந்து கெடுத்தது நீங்கள்தான் என்பார். பழுதின் தன்மையைச் சோதனையின்றி முடிவு செய்ய முடியாதபோது ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் பிரிவு 38-இன்கீழ் ஆணையத்துக்கே உண்டு. வாட்ஸ்அப் செய்திகளோடு, மின்னணு ஆதாரங்களுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் பிரிவு 63 கோரும் சான்றிதழையும் இணையுங்கள். ஆணையம் சாட்சிய விதிகளில் அத்தனை கறார் காட்டாது என்றாலும், மேல்முறையீட்டில் அது உதவும்.

இனி மணமகள் வீட்டாரின் நோட்டீஸ். அதில் குறித்த கெடுவுக்குள் பதில் போய்விட வேண்டும். அவர்களுக்கும் கடைக்காரருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவர்கள் பணம் கொடுத்தது உங்களுக்கு, எனவே படங்களைத் தர இயலாமை உங்கள் சேவைக் குறைபாடாகவே பார்க்கப்படும். பதில் எழுதும் முன் மெமரி கார்டுகளை மறுபடி பயன்படுத்தாமல் எடுத்து வைத்து மீட்க முயலுங்கள்; உதவியாளரின் இரண்டாவது கேமரா, எடிட்டிங் கணினியில் தங்கியிருக்கும் முன்னோட்டப் படங்கள், ஆல்பத் தேர்வுக்கு அனுப்பியவை என எல்லாவற்றையும் தேடுங்கள். கிடைத்தவற்றை உடனே ஒப்படைத்து, பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு மேல் ஒரு நியாயமான தொகையைப் பேசி முடிக்க விரும்புவதாகவும், ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற குறிப்போடு (இந்தச் சமரசப் பேச்சைத் தவறின் ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்று பொருள்) எழுதுங்கள். திருமணப் படம் மறுபடி எடுக்க முடியாத ஒன்று என்பதால் மன உளைச்சலுக்கான ஈட்டை ஆணையங்கள் இத்தகைய வழக்குகளில் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே 5 லட்சம் அதிகம் என்று வாதாடலாமே தவிர, ஒன்றும் தர முடியாது என்ற நிலையை எடுக்காதீர்கள். சமரசம் ஆனால் அதை எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்தோடு, வங்கி வழியாகப் பணம் கொடுத்து முடியுங்கள். கடைக்காரருக்கு எதிரான புகாரில் இணைக்க வேண்டிய ரசீது அதுதான்.