ஜெபம் வறண்ட நாட்களில்: லெந்துகாலக் கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) 34 ஆண்டுகள் ஆயராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலமான லெந்தில் ஆவிக்குரிய போராட்டத்தைப்பற்றி வந்த கேள்விகளுக்கு என்னிடம் பதில் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது திருமறையும் சேகர ஊழியமுமே. அவற்றுக்கு வெளியே கேட்டவர்கள் குறுகிய பதிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (ஞாயிறு பள்ளி ஆசிரியர்): ஐயா, ஆறு மாதமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மாய்மாலம் அல்லவா? இது சரியாகும்வரை விலகிக்கொள்ளலாமா?

பதில்: விலகாதீர்கள், தம்பி. இல்லாத உணர்ச்சியை இருப்பதாக நடித்துக் காட்டினால்தான் மாய்மாலம். உணர்ச்சி வற்றிய பிறகும் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்கிறவனுக்கு உண்மையுள்ளவன் என்றுதான் பெயர்.

உங்கள் நிலை பழைய நிலை. எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த துறவி எவாகிரியுஸ், நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வை ஒரு வைத்தியரைப்போல விவரித்திருக்கிறார். துறவி அறையைவிட்டு வெளியே வந்து, பிற்பகல் மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று சூரியனைப் பார்க்கிறான். சகோதரர் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறான். பிறகு அந்த இடமும், கைவேலையும், அந்த வாழ்க்கையுமே அவனுக்குக் கசந்துபோகின்றன. சூரியனுக்குப் பதிலாகக் கைப்பேசியை வைத்துப் பாருங்கள், வேறொன்றையும் மாற்ற வேண்டியிராது. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னாசியார் இதற்கு ஒரு விதி வைத்தார்: வறட்சியின் நாட்களில் முன்பு செய்த தீர்மானத்தை மாற்றாதே. இருட்டில் நிற்கும்போது வழியை மாற்றினால், எங்கிருந்து புறப்பட்டோம் என்பதும் மறந்துபோகும்.

என் முதல் சேகரத்தில் ஒரு விதவைத் தாயார் இருந்தார்கள். கணவர் இறந்த ஆண்டு முழுவதும் அவர்கள் ஆலயத்தில் வாய் திறந்து பாடி நான் பார்த்ததில்லை. ஆனால் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போடுவதை ஒருநாளும் விடவில்லை. ஒருமுறை வீடு சந்திக்கப் போனபோது, கலயத்தைக் காட்டி, "ஜெபம் பண்ண வாய் வரமாட்டேங்குதய்யா, கை மட்டும் வருது" என்றார்கள். அந்தக் கை செய்ததை நான் ஜெபம் என்றே எண்ணினேன். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாடம் எடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): சந்தேகம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?

பதில்: இல்லை, மகளே. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-இல் ஒரு தகப்பன் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். ஆண்டவர் அவன் மகனைச் சுகமாக்கினார்.

கேள்வி (இல்லத்தரசி): நான்கு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறது. இது அசுத்த ஆவியின் கட்டு என்றும், விடுதலை ஜெபத்துக்குக் காணிக்கை அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தால் தனியே இராதீர்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியாவும் சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை, பிசாசைத் துரத்தவுமில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்: விடுதலை ஜெபத்துக்கு விலை சொல்கிறவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கேள்வி (அரசு ஊழியர்): தினமும் காலையில் எபேசியர் 6-இன் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது விசுவாசமென்னும் கேடகம் முதலான ஆவிக்குரிய போர்க்கவசங்களை, ஒவ்வொன்றாகச் சொல்லித் தரித்துக்கொள்கிறேன். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். எதை விட்டுவிட்டேன்?

பதில்: பக்கத்தில் நிற்கிறவரை விட்டுவிட்டீர்கள். "தரித்துக்கொள்ளுங்கள்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியது ஒரு சபைக்கு. அங்கே கேடகத்துக்கு அவர் வைத்த கிரேக்கச் சொல், கதவு என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆளை மறைக்கும் பெரிய ரோமக் கேடகத்தை அது குறிக்கும். வீரர்கள் அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்தால் சுவராகும். தனியே பிடித்தால் இரு பக்கமும் திறந்தே இருக்கும்.

கேள்வி (தமிழாசிரியர்): ஐயா, "தரித்துக்கொள்ளுங்கள்" என்பது மரியாதைப் பன்மையாக ஏன் இருக்கக்கூடாது? ஒரு விகுதியின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா?

பதில்: நல்ல கேள்வி; இப்படிப்பட்டவற்றுக்காகத்தான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒருவருக்கு மரியாதை கொடுக்க வேண்டுமானால் "நீர்" என்றுதான் வரும். தீமோத்தேயு என்ற தனி மனிதனுக்கு எழுதும்போது பவுல், "விசுவாசத்தின் நல்ல போராட்டத்தைப் போராடு" என்று ஒருமையிலேயே எழுதுகிறார். எபேசியரிலோ கிரேக்கமும் பன்மைதான். பயத்தோடும் நடுக்கத்தோடும் "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்னும் பிலிப்பியர் 2:12-உம் அவ்வாறே. மேலும் ஆயுதப் பட்டியல் முடிந்தவுடன், சகல பரிசுத்தவான்களுக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்லி, சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிற தனக்காகவும் வேண்டிக்கொள்ளக் கேட்கிறார். தனியே போராடப் பவுலாலேயே முடியவில்லை.

கேள்வி (அதே ஆசிரியர்): இலக்கணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாக்கோபு தனித்திருந்துதானே போராடினான்? பிடிபடுவதற்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரும் தனியாகத்தானே ஜெபித்தார்?

பதில்: கெத்செமனேயை மறுபடி வாசியுங்கள். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், இங்கே தங்கி என்னோடுகூட விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்; ஆனாலும் அவர் கேட்டார். அவருக்கே துணை வேண்டியிருந்தபோது, வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? யாக்கோபைப்பற்றி நீங்கள் சொல்வது சரியே. அதைக் கடைசிக் கேள்வியில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கத்தோலிக்கச் சகோதரி): நீங்கள் சொன்ன எவாகிரியுஸே தனிமைத் துறவிதானே, ஐயா?

பதில்: பிடித்துவிட்டீர்கள், சகோதரி. ஆனாலும் அந்தத் துறவிகள் வாரநாட்களில் தனித்திருந்து, சனி ஞாயிறுகளில் ஆராதனைக்காக ஒன்றுகூடினார்கள். மனத்தில் ஓடும் எண்ணங்களை மூத்தவரிடம் போய் அப்படியே சொன்னார்கள். நம்மில் பலர் தெருவுக்குள் குடியிருந்துகொண்டு அவர்களைவிடத் தனியாக இருக்கிறோம்.

கேள்வி: எனக்கு ஜெபிக்க மனமே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஜெபத்தில் உணர்வு வரவில்லை, ஐயா.

பதில்: முதல் பதில். இதே கேள்வியை மேலும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்; எழுவருக்கும் அதே பதில்.

கேள்வி: வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 என்பது இன்றைய எந்தத் தொழில்நுட்பம்?

பதில்: இது என் துறை அன்று. உங்கள் சேகர குருவானவரிடம் கேளுங்கள். அவர் கையில் கொடுக்கும் வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறேன். 40 நாள் உபவாசம் இருக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடாதீர்கள்.

கேள்வி (முதியவர்): பக்கவாதத்தில் படுத்துவிட்டேன். விசுவாசத்தைச் செயலில் காட்ட எனக்கு இனி என்ன இருக்கிறது?

பதில்: அண்ணாச்சி, டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார்கள். அந்த அறையிலிருந்தே எழுதினார்கள், பிள்ளைகளை விசாரித்தார்கள். உங்களைப் பார்க்க வருகிறவர்களிடம் உங்கள் நோயைச் சொல்லி முடித்ததும், அவர்கள் வீட்டுச் செய்தியைப் பெயர் பெயராகக் கேளுங்கள். அவர்கள் போனபின் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள்.

கேள்வி (வியாபாரி): அண்ணனோடு நிலத் தகராறு, ஒன்பது ஆண்டாகப் பேச்சில்லை. எல்லையில் நான் கொஞ்சம் தள்ளி வேலி போட்டது உண்மைதான். மனச் சமாதானத்துக்காக 21 நாள் உபவாசம் எடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: இப்போது யாக்கோபுக்கு வருவோம். தமையன் ஏசாவை ஏமாற்றி ஆசீர்வாதத்தைப் பறித்தவன், 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்புகிறான். யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடி, தொடைச்சந்து சுளுக்கி, தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று அந்த இடத்துக்கு பெனியேல் என்று பெயரிட்டான். நாம் பிரசங்கத்தை அங்கேயே முடித்துவிடுகிறோம். அடுத்த அதிகாரத்தில் அவன் நொண்டிக்கொண்டே குடும்பத்துக்கு முன்னால் நடந்துபோய், ஏழு தரம் தரைமட்டும் குனிந்து, ஏசாவின் கிட்டச் சேர்கிறான். 200 வெள்ளாடுகளும் 200 செம்மறிகளும் 40 பசுக்களும் இன்னும் பலவும் அவனுக்கு முன்னே வெகுமதியாகப் போயிருந்தன. உம்முடைய முகத்தைக் காண்பது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல இருக்கிறது என்று, இரவில் சொன்ன அதே வார்த்தையைப் பகலில் அண்ணனிடம் சொல்கிறான். இரவுப் போராட்டம் அவனை அந்த நடைக்குத்தான் ஆயத்தப்படுத்தியது.

22-ஆம் நாள் உபவாசம் வேண்டாம். நில அளவையரை வரவழைத்து, உங்கள் செலவில் அளந்து, வேலியைப் பழைய எல்லைக்கே மாற்றுங்கள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அவர் கதவைத் திறக்காவிட்டால் அடுத்த வாரமும் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன். எனக்கும் முழங்கால் வலிதான், மெதுவாக நடப்போம்.