அவர் ஏன் வெளியே வாங்கில் இருக்கிறார்?

கேள்வி: எனக்கு 62 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். புற்றுநோய் என்று ஏழு மாதத்துக்கு முன் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். சிறுநீர்க் கசிவு நின்றுவிட்டது, புற்றுநோய் திரும்பியதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. இரத்த ரிப்போர்ட்டும் நல்லது. ஆனால் தாம்பத்தியத்துக்கு உடம்பு எழும்புவதில்லை. டொக்டர் தந்த மாத்திரையை மனைவிக்குச் சொல்லாமல் நாலு தரம் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. கூட வேலை செய்தவர் புறக்கோட்டையில் வேறு மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார். கிளினிக்குக்கு மனைவியும் வருவார், ஃபைலோடு வெளியே வாங்கில் இருப்பார். பழையபடி வர எத்தனை மாதம் செல்லும்?

பதில்: ஐயா, மாதக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். அந்த வாங்கைப் பற்றி முதலில் கதைப்போம். உங்களுக்குச் சிறுநீர் போகும் குழாய் (கத்தீட்டர்) போட்டிருந்த நாட்களில் பையில் எத்தனை மில்லி என்று கொப்பியில் எழுதியது யார்? அந்தப் பையைக் கழுவியது யார்? அந்த மனுஷியைக் கதவுக்கு வெளியே இருத்திவிட்டு, இரண்டு பேருடைய விஷயத்தை நீங்கள் மட்டும் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். வீட்டுக்கு வந்து "எல்லாம் நல்லமாம்" என்று ஒரு சொல்லோடு முடித்திருப்பீர்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

உங்களைப் போன்றவர்களின் மனைவிமாரும் எனக்கு எழுதுகிறார்கள். ஒருவர் பக்கத்தில் படுத்தால் தையல் விட்டுவிடும் என்று பாயை இழுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனவர், இன்னொருவர் புற்றுநோய் தனக்கும் ஒட்டிவிடுமோ என்று ஒரு வருடம் பயந்தவர் (ஒட்டாது), வேறொருவர் இவருக்கு என்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். உங்கள் வீட்டில் எது என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டால்தானே தெரியும்.

மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. போட்டவுடன் தானாக எழுப்புகிற மருந்து அல்ல அது, ஆசையும் தொடுகையும் இருந்தால்தான் அதற்கு வேலை. இருட்டில் தனியே படுத்துக்கொண்டு வருகிறதா என்று பார்த்தால் எப்படி வரும்? கொழுப்பான சாப்பாட்டுக்கு மேல் போட்டாலும் சில மாத்திரைகள் பிந்தித்தான் பிடிக்கும். நாலு தரம் போதவும் போதாது. புறக்கோட்டை மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பாவிக்கிறவர் இந்த வகை மாத்திரையைப் போட்டால் பிரஷர் திடீரென்று இறங்கி உயிர் போகலாம். இதயத்துக்கு என்ன குடிக்கிறீர்கள் என்று உங்கள் நண்பர் கேட்டாரா?

சரி, மாதக் கணக்கு. விறைப்புக்கான நரம்புகள் புரொஸ்டேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. 1982இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பற்றிக் வோல்ஷ் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் அவற்றைத் தப்பவைத்து வெட்டிக் காட்டும்வரை, இந்த ஒப்பரேஷன் செய்த அநேகமாக எல்லோருக்கும் இது போனதுதான். தப்பிய நரம்பும் இழுபட்டு அடிபட்டுத்தான் கிடக்கும், தேற ஒன்றரை, இரண்டு வருடம்கூட எடுக்கும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. சீனி வருத்தம், சிகரெட் இருந்தால் இன்னும் சிரமம். ஆகவே உங்கள் ஏழு மாதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு இரண்டு பக்க நரம்பையும் விட்டீர்களா, ஒரு பக்கத்தையா, ஒன்றையுமே விடவில்லையா என்று டொக்டரிடம் நேரே கேளுங்கள். இரண்டையும் எடுத்திருந்தால் மாத்திரை பெரும்பாலும் பலிக்காது, வெற்றிடப் பம்ப், ஆணுறுப்பில் போடும் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஊசியையும் பம்பையும் மனைவிக்கு ஒளித்துச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்?

இன்னொன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். விந்து இனி வராது, அதைத் தருகிற சுரப்பிகளையும் சேர்த்தே எடுத்தாயிற்று. ஆனால் உச்ச சுகத்துக்கு வேறு நரம்பு, அது விறைப்பு இல்லாமலும் வரும். இதைத் தெரியாமல் எத்தனை வீட்டில் கையைப் பிடிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்!

புருஷன் பெண்சாதி என்றால் வருத்தத்திலும் பாதி பாதிதான் என்று நம்புகிறவள் நான். அவர் தன் பாதியைச் செய்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் உங்கள் நம்பரைக் கூப்பிடும்போது ஃபைலை அவர் மடியிலிருந்து எடுக்காதீர்கள். அவரே உள்ளே கொண்டுவரட்டும்.