ஆளை எடுப்பதும் பந்தை எடுப்பதும்: முன்னாள் நடுவர் ஒருவரின் கேள்வி பதில்

சென்னையின் லீக் ஆட்டங்களிலும் வடசென்னையின் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டிகளிலுமாக 22 ஆண்டுகள் விசில் ஊதியவன் நான். கால்பந்தில் வீரர்கள் ஒருவரையொருவர் வேண்டுமென்றே காயப்படுத்துவதைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்லோ மோஷன் வீடியோத் துண்டை அனுப்பி, ‘இது திட்டமிட்டுச் செய்ததுதானே?’ என்று கேட்காதீர்கள். ஸ்லோ மோஷனில் தும்மல்கூடத் திட்டமிட்டதாகத்தான் தெரியும்.

ஒரு வீரர் வேண்டுமென்றே உதைத்தாரா, தவறிப்போய் நடந்ததா என்பதை நடுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? (பெரம்பூர்)

கண்டுபிடிப்பதில்லை. அது அவருடைய கடமையும் அன்று. ஆட்ட விதிகளில் 12-ஆவது விதி ஃபவுலை மூன்று படிகளாக அளக்கிறது. கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும் உண்டு. எதிராளிக்கு என்ன ஆகும் என்பதைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தைக் காட்டி அவர் உடலுக்கு ஆபத்தை உண்டாக்கினால் சிவப்பு அட்டை. இந்த மூன்று படிகளிலும் ‘நோக்கம்’ என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன வேகத்தில் வந்தார், கால் மடங்கியிருந்ததா அல்லது நேராக விறைத்திருந்ததா, பூட்ஸின் அடிப்பகுதி எந்த உயரத்தில் பட்டது, இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தனவா என்பவற்றையே நான் பார்ப்பேன். மனத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. காலைப் படிக்கத் தெரியும்.

காயத்தின் அளவும் தீர்ப்புக்கு அளவுகோல் அன்று. 2019 நவம்பர் 3 அன்று எவர்ட்டன் அணியின் ஆண்ட்ரே கோமஸை டாட்டன்ஹாம் வீரர் சன் ஹியுங்-மின் பின்னாலிருந்து தட்டிவிட்டார். நிலைதடுமாறிய கோமஸ் இன்னொரு வீரர்மீது மோதியதில் கணுக்கால் முறிந்தது. முதலில் மஞ்சள் அட்டைக்குக் கை கொண்டுபோன நடுவர், காயத்தைக் கண்டதும் சிவப்பைக் காட்டினார். பின்னர் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அந்தச் சிவப்பு அட்டையை ரத்து செய்தது. எலும்பு முறிந்தது உண்மை. அந்த ஃபவுலுக்கு அந்த அட்டை பொருந்தாது என்பதும் உண்மை.

நீங்கள் அறிந்தவற்றில் மிக மோசமான ஃபவுல் எது? (கொளத்தூர்)

பட்டியல் போடுவதில் எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஒரு நடுவராக என்னைத் தூங்கவிடாதது 1982 ஜூலை 8 அன்று செவில் நகரில் நடந்தது. உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஹரால்ட் ஷூமாக்கர், பந்தை அடித்துவிட்டு ஓடிவந்த பிரெஞ்சு வீரர் பாட்ரிக் பத்திஸ்தோன்மீது தாவி, இடுப்பால் முகத்தில் மோதினார். பற்கள் உடைந்து, முதுகெலும்பில் காயம் பட்டு, நினைவிழந்து கிடந்தவரைத் தூக்கிச் சென்றார்கள். நடுவர் சார்லஸ் கோர்வர் அட்டையும் காட்டவில்லை, ஃப்ரீ கிக்கும் தரவில்லை. கோல் கிக் கொடுத்தார். மேற்கு ஜெர்மனி பெனால்டியில் வென்றது. அவர் கண் பந்தின் பின்னால் போயிருக்கும் என்பது என் ஊகம். அதனால்தான் புதிய நடுவர்களுக்குச் சொல்வேன்: பந்து காலை விட்டுப் போன பிறகும் ஒரு நொடி அந்தக் காலிலேயே கண்ணை வைத்திருங்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் காயப்படுத்தினால் பணம் கொடுத்தார்களாமே? (அடையாறு)

அது வேறு ஆட்டம்; அதில் எனக்கு விசில் ஊதத் தெரியாது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை அப்படியொரு பரிசுத் திட்டம் நடந்ததாக அந்த ஆட்டத்தின் லீக்கான என்.எஃப்.எல். முடிவுசெய்து, தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை 2012 பருவம் முழுவதும் விலக்கிவைத்தது. நம் ஆட்டத்தில் கூலி பெரும்பாலும் பணமாக வராது, பாராட்டாக வரும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

நான் 18 வயது ரைட் பேக், வலப்பக்கத் தற்காப்பு வீரன். எதிரணி விங்கரை (ஓரமாக ஓடித் தாக்குபவரை) ‘முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்று போடு, அப்புறம் அவன் உன் பக்கமே வர மாட்டான்’ என்கிறார் எங்கள் கோச். மறுத்தால் பெஞ்சில் உட்கார வைப்பார். என்ன செய்வது, ஐயா? (வியாசர்பாடி)

தம்பி, இன்று வந்தவற்றில் இதுதான் பதில் சொல்லத் தகுந்த கேள்வி.

‘பந்து போனாலும் ஆள் போகக்கூடாது’ என்ற வாக்கியத்தை நீ கேட்டிருப்பாய். நானும் ஆடிய காலத்தில் கேட்டு வளர்ந்தவன்தான். அதைச் சொல்பவர்கள் யாரும் அந்தக் காலை உடைக்கப்போவதில்லை. உடைக்கப்போவது உன் வயதுப் பையன். ஒருமுறை ஓர் இறுதியாட்டத்தில், கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ஒருவர் ‘ஆளை எடு, ஆளை எடு’ என்று கத்திக்கொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் அவருடைய பையன் எடுத்தான். கெண்டைக்கால் எலும்பு முறிந்த ஓசை எனக்குக் கேட்டது. ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில்தான் ஏற்றினோம். சிவப்பு அட்டை வாங்கிய பையன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். கத்திய மனிதர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து கைகுலுக்கி, நன்றாக நடத்தினீர்கள் என்றார். முதல் பாதியிலேயே அவரை வெளியே அனுப்பாதது என் தவறு, அதை இன்றும் மறைப்பதில்லை.

இந்த உத்தி புதியதும் அன்று. 1966 உலகக் கோப்பையில் பெலேயைப் பல்கேரியாவும் பிறகு போர்ச்சுகலும் உதைத்தே முடக்கின. 1962-இல் சாந்தியாகோவில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் அடிதடியாகவே நடந்தது. அதற்கு நடுவராக இருந்த கென் ஆஸ்டன்தான் பின்னாளில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் என்ற யோசனையைத் தந்தவர். 1970 முதல் அட்டைகள் வந்தன. பின்னாலிருந்து பாய்ந்து எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும் டேக்கிளுக்குக் கட்டாயம் வெளியேற்றம் என்பது 1998-இல்தான் உறுதியாயிற்று. அதற்குள் கணுக்கால் சிதைந்த நெதர்லாந்து வீரர் மார்கோ வான் பாஸ்டன் 28 வயதில் தம் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டிருந்தார்.

நீ செய்ய வேண்டியது இது. கோச்சிடம் தனியாகப் பேசாதே. கேப்டனையும் அருகில் வைத்துக்கொண்டு, ‘அவனை உள்பக்கம் திரும்பவிடாமல் கோட்டை ஒட்டியே ஓட வைக்கிறேன்’ என்று மாற்று வழியைச் சொல். விங்கரின் பலமான கால் எது என்று பார்த்து அந்தப் பக்கத்தை மறி. தரையில் விழாமல் நின்று ஆடு. விழுந்த பேக், அந்த நேரத்துக்கு ஆட்டத்தில் இல்லாத பேக். இத்தனைக்குப் பிறகும் பெஞ்சில் உட்கார வைத்தால் வேறு அணியைத் தேடு, வடசென்னையில் அணிகளுக்குப் பஞ்சமில்லை. முன்னங்காலைக் காக்கும் ஷின் கார்டு போடாமல் இறங்காதே. அது விதிப்படி கட்டாயம், வெயில் என்ற காரணம் செல்லாது.

ராய் கீன் உதைத்ததால்தானே எர்லிங் ஹாலண்டின் அப்பாவின் கால்பந்து வாழ்க்கை முடிந்தது? (அண்ணா நகர்)

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு நேராக இல்லை. 1997-இல் அப்பா ஆல்ஃப்-இங்கே ஹாலண்டைத் துரத்தும்போது மான்செஸ்டர் யுனைடெட் வீரர் கீனின் முழங்கால் தசைநார் அறுந்தது. கீழே கிடந்தவரை ஹாலண்ட் நடிப்பதாகக் கடிந்துகொண்டார். 2001 ஏப்ரலில் மான்செஸ்டரின் இரு அணிகள் மோதும் டெர்பியில் கீன் அவர் வலது முழங்காலில் பூட்ஸைப் பதித்தார். ஹாலண்டுக்கு நெடுநாள் தொல்லை தந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோனது இடது முழங்கால். கீன் செய்தது மன்னிக்கத்தக்கது என்று இதற்குப் பொருளில்லை. கவனிக்க வேண்டியது தண்டனையை. உதைத்ததற்கு மூன்று ஆட்டத் தடையும் 5,000 பவுண்டு அபராதமும். பழி வாங்கியதாகப் படும்படி 2002-இல் தன்வரலாற்றில் எழுதியதற்கு மேலும் ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும். உதையைவிட ஒப்புதல் முப்பது மடங்கு விலை போயிற்று. இதன் பிறகு யார் உண்மை எழுதுவார்கள்?

கீன் - ஹாலண்ட் விவகாரம் பற்றிச் சொல்லுங்கள். (அம்பத்தூர்)

மேலே இருக்கிறது.

ஜிடேனைத் தூண்டிவிட்டு அவமானப்படுத்திய மெட்டராஸியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஊர் நம்முடையது. வெட்கமாக இல்லையா? (நந்தனம்)

இல்லை. மார்கோ மெட்டராஸி 2014-இல் சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராக வந்தார், 2015-இல் கோப்பை வாங்கித் தந்தார், நேரு ஸ்டேடியம் கைதட்டியது. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலிக்காக ஆடிய அவர் ஜிடேனைச் சீண்டிப் பேசினார். பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் தலையால் அவர் மார்பில் முட்டினார். பந்துக்காகப் போட்டியிடாத நேரத்தில் நடந்த தாக்குதல் என்பதால் அது வெறும் ஃபவுல் அன்று, வன்செயல். 110-ஆவது நிமிடத்தில் வந்த சிவப்பு அட்டை முற்றிலும் சரி.

அப்படியானால் சொல்லால் குத்தலாம், தலையால்தான் முட்டக்கூடாதா? (மயிலாப்பூர்)

நான் அப்படிச் சொல்லவில்லை. இழிவான சொல்லுக்கும் அதே 12-ஆவது விதியில் சிவப்பு அட்டை உண்டு. நடுவர் ஓராசியோ எலிசோண்டோவின் காதில் அது விழுந்திருந்தால் இருவருமே வெளியேறியிருப்பார்கள். பிறகு ஃபிஃபா மெட்டராஸிக்கும் இரண்டு ஆட்டத் தடை விதித்தது, ஜிடேனுக்கு மூன்று. சொல்லையும் கணக்கில் எடுத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மூன்றுக்கு இரண்டு என்றால், தூண்டியவரும் ஏறக்குறைய சம குற்றவாளி என்று ஃபிஃபாவே ஒப்புக்கொண்டது. நீங்கள் சென்னை அணியின் ரசிகர் என்பதால் மழுப்புகிறீர்கள். (மீண்டும் மயிலாப்பூர்)

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். முதல் வாக்கியத்தில் நியாயம் உண்டு. எதிராளி நிதானம் இழக்கும் வரை குடும்பத்தை இழுத்துப் பேசுவது, அவர் காலில் பூட்ஸ் வைப்பதைப் போலவே பயிற்சிக் கூடங்களில் பழக்கப்படுத்தப்படும் வேலைதான். முதலில் நான் எழுதிய பதிலில் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் மெட்டராஸி தாயைப் பழித்தார், மதத்தைப் பழித்தார் என்று அப்போது எழுதப்பட்டவற்றை இங்கே மீண்டும் ஏற்றாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டது சகோதரியைப் பற்றிய இழிசொல். அதற்கு மேல் எழுதிய ஆங்கில நாளிதழ்கள் பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

நடுவர் பார்க்கவே இல்லை, ரகசியமாக வீடியோ பார்த்துத்தானே அட்டை காட்டினார்கள்? (புரசைவாக்கம்)

நான்காவது நடுவர் லூயிஸ் மெடினா கண்டலேஹோ நேரில் பார்த்து ஹெட்செட்டில் சொன்னதாகவே அந்த நடுவர் குழு கூறிவருகிறது. இதையும் ஸ்லோ மோஷனில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

உயர் நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞராக இருக்கிறேன். எலும்பு முறிவு நம் குற்றவியல் சட்டப்படி கொடுங்காயம். மைதானத்தில் மட்டும் அது ஏன் குற்றமாவதில்லை? (பாரிமுனை)

சட்டத்தை உங்கள் சீனியரிடம் கேளுங்கள், நான் அறிந்த நடப்பை மட்டும் சொல்கிறேன். ஆட இறங்குபவர் ஆட்டத்தோடு வரும் அடிகளுக்குச் சம்மதிக்கிறார். ஆட்டத்துக்குப் புறம்பான தாக்குதலுக்குச் சம்மதிப்பதில்லை. 1994-இல் ரேஞ்சர்ஸ் வீரர் டங்கன் ஃபெர்கஸன் எதிரணிக்காரரைத் தலையால் முட்டியதற்கு ஸ்காட்லாந்தில் மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2004-இல் பார்ன்ஸ் வழக்கில், மிகக் கடுமையான செயலுக்கு மட்டுமே குற்ற வழக்கு, மற்றவற்றை விளையாட்டு அமைப்புகளே பார்த்துக்கொள்ளட்டும் என்ற நிலையை எடுத்தது. இழப்பீடு வேறு கதை: ரிசர்வ் ஆட்டத்தில் கால் முறிந்த மான்செஸ்டர் யுனைடெட் இளைஞர் பென் காலெட்டுக்கு 2008-இல் 43 லட்சம் பவுண்டு கிடைத்தது.

போன வார செவன்ஸ் ஆட்டத்தின் வீடியோ இணைத்துள்ளேன். வேகத்தைக் கால்பங்காகக் குறைத்துப் பார்த்தால் வேண்டுமென்றே செய்தது தெளிவாகத் தெரிகிறது. (கொருக்குப்பேட்டை)

முதல் பத்தியைப் படியுங்கள். வீடியோ பார்த்து உதவும் வி.ஏ.ஆர். நடுவர்களே மோதலின் கடுமையை இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். எங்கே பட்டது என்பதற்கு மட்டுமே ஸ்லோ மோஷன்.

2004 ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் இறந்த கிறிஸ்டியானோ ஜூனியரைக் கோல்கீப்பர் கொன்றார் என்று சொல்லலாமா? (திருவொற்றியூர்)

சொல்லக்கூடாது. டிசம்பர் 5 அன்று பெங்களூரில், டெம்போ அணிக்காகக் கோல் அடித்த அதே நொடியில் மோகன் பகான் கோல்கீப்பருடன் மோதி அவர் சரிந்தார். பந்துக்காக இருவர் வந்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவில்லை. கொலை என்ற சொல்லை இங்கே எழுதாதீர்கள். உங்கள் பேட்டையில் அடுத்த போட்டி நடத்துபவரிடம், கோட்டுக்கு அருகே ஆம்புலன்ஸ் நிற்குமா, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள்.

கடைசியாக, தப்பு ஜிடேன்மீதா, மெட்டராஸிமீதா? (மீண்டும் மயிலாப்பூர்)

அட்டை ஜிடேனுக்கு. நான்கு மணிக்கு நடக்கவிருக்கும் சிறுவர் ஆட்டத்திற்கு நடுவர் வரவில்லையாம், என்னை அழைக்கிறார்கள். விசிலைத் தேட வேண்டும்.